பட்டறையும் பட்டமும்

ஒரு தேசத்தின் செல்வநிலையை அறிய விரும்புவோர் அதன் வீதிகளில் ஓடும் வண்டிகளைக் கணக்கெடுப்பர். அத்தேசத்தின் அறிவுநிலையை அறிய விரும்புவோரோ மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். அவ்வண்டிகள் பழுதுற்றால் திருத்த வல்லவர் உளரோ? அவை இயங்கும் நெறியை ஆராய வல்லவர் உளரோ? புதியனவற்றை ஆக்க வல்லவர் உளரோ? இலங்கையில் முதலாம் வினாவுக்கு விடை விரைவிலே கிடைத்தது. இரண்டாம் வினாவுக்கு விடை காண அரை நூற்றாண்டு சென்றது. மூன்றாம் வினா இன்னும் முழுமையான விடையை எதிர்நோக்கியே நிற்கின்றது. மோட்டார் எந்திரக் கல்வி இந்நாட்டில் வளர்ந்த வரலாறு இம்மூன்று வினாக்களின் வரலாறேயாகும். அதன் பெரும்பகுதி கொழும்பு நகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் நிகழ்ந்தது.

மருதானையிலே 'டெக்னிக்கல் சந்தி' என்று மக்கள் வழங்கும் ஓரிடம் உண்டு. அங்கே அமைந்த தொழில்நுட்பக் கல்லூரியினால் அச்சந்திக்கு அப்பெயர் வந்தது. அதற்குக் கூப்பிடு தூரத்திலே பஞ்சிகாவத்தை இருக்கின்றது. பழைய மோட்டார் வண்டிகளின் உதிரிப்பாகங்கள் மலைபோற் குவிந்து கிடக்கும் கடைவீதி அது. ஒரு பக்கத்தில் கரும்பலகையும் கணிதமும். மறு பக்கத்தில் எண்ணெய்க் கறையும் இரும்பும். இவ்விரண்டும் அயலவராய் இருந்தும் நெடுங்காலம் ஒன்றோடொன்று உறவாடாமலே வளர்ந்தன. இந்தப் பிரிவே நம் வரலாற்றின் மையமான செய்தியாகும்.

மருதானைக் கல்லூரி 1893ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சியினரால் நிறுவப்பட்டது. பொது வேலைப் பகுதி, புகையிரதப் பகுதி, நீர்ப்பாசனப் பகுதி முதலியவற்றுக்கு வேண்டிய கீழ்நிலை உத்தியோகத்தரைப் பயிற்றுவதே அதன் நோக்கம். வரைபடம் வரைவோரும் மேற்பார்வை செய்வோரும் இங்கிருந்து கிடைத்தாற் போதும். எந்திரிகள் கடல் கடந்து வருவர் என்பதே அக்காலக் கொள்கை. ஆயினும் அறிவுக்கு அணை கட்டுதல் எளிதன்று. அக்கல்லூரியிற் பயின்ற டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டில் மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்வலி பெறும் வழியை விளக்கி ஒரு கட்டுரை சமர்ப்பித்தார். அதன் பயனாகிய இலக்சபானா மின்னிலையம் 1950ஆம் ஆண்டிலேதான் இயங்கத் தொடங்கிற்று. அறிஞன் ஒருவன் தோன்றிய பின்னரும் அவன் சொற் செயலாக முப்பதாண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி கொழும்புக்கு வந்தது. 1904ஆம் ஆண்டிலேயே இலங்கை மோட்டார்ச் சங்கம் அமைக்கப்பட்டது. துரைமாரும் செல்வரும் வண்டிகளை வாங்கினர். வண்டி வந்த கப்பலில் அதைத் திருத்துவோன் வரவில்லை. ஆதலின் திருத்தும் தொழில் உள்ளூரார் கைக்கு வந்து சேர்ந்தது. குதிரை வண்டிக்கு இரும்புப் பட்டை அடித்த கொல்லனும், துறைமுகப் பணிமனையிலே நீராவி இயந்திரத்தோடு பழகிய தொழிலாளியும் மோட்டார் இயந்திரத்தையும் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டனர்.

துறைமுகத்தை அடுத்துள்ள கொட்டாஞ்சேனை இத்தகைய கைத்தொழில் அறிவு செழித்ததற்கு ஏற்ற இடம். பல இனத்தவரும் பல மதத்தவரும் ஒருங்கே வாழும் அப்பகுதியில், பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய சிறுவன் ஒரு பட்டறையிலே 'பாஸ்' என்று அழைக்கப்படும் தலைமைத் தொழிலாளியிடம் சேர்வான். முதலில் திருகுசாவி எடுத்துக் கொடுப்பான். பின்னர் சக்கரம் கழற்றுவான். சில ஆண்டுகளில் இயந்திரத்தின் ஓசையைக் கேட்ட அளவிலேயே நோய் இன்னதெனச் சொல்வான். இதற்குச் சான்றிதழ் இல்லை, பாடநூலும் இல்லை. ஆயின் இதுவும் கல்வியே என்பதை மறுத்தல் கூடாது.

அவ்வாறாயின் மேற்கல்வி எதற்கு என்று ஒருவர் வினவலாம். இதற்கு மோட்டார் இயந்திரத்தின் பிறப்பு வரலாறே விடை தரும். ஜேர்மனியிலே 1876ஆம் ஆண்டில் நான்கடி இயந்திரத்தை இயக்கிக் காட்டிய நிக்கொலவுஸ் ஒட்டோ எந்திரக் கல்லூரி எதிலும் பயின்றவரல்லர். அவர் ஒரு வணிகர். விடாமுயற்சியும் கைத்திறனும் அவருக்குத் துணைசெய்தன. ஆனால் ருடோல்வ் டீசல் வேறு வழியில் வந்தவர். மியூனிக் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியிலே பேராசிரியர் லிண்டே வெப்பவியல் பற்றி விரிவுரை நிகழ்த்தியபோது, நீராவி இயந்திரம் எரிபொருளின் வெப்பத்தில் மிகச் சிறிய பங்கையே வேலையாக மாற்றுகின்றது என்பதை மாணவராகிய டீசல் கேட்டார். எஞ்சிய வெப்பம் வீணாவதேன் என்னும் வினா அவரை விட்டு நீங்கவில்லை. காற்றை மிகவும் அழுத்தினால் அது கொதிப்பேறும். அக்கொதிப்பிலே எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும் என்று கணித்து ஓர் இயந்திரத்தை வகுத்தார். மருதானைக் கல்லூரி தொடங்கப்பெற்ற அதே 1893ஆம் ஆண்டில் அவருக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. 1897ஆம் ஆண்டில் அவ்வியந்திரம் செவ்வனே இயங்கிற்று.

ஒட்டோவின் வழி பட்டறையின் வழி; டீசலின் வழி பல்கலைக்கழகத்தின் வழி. மோட்டார்த் தொழில் வளர்ந்த நாடுகளெல்லாம் இவ்விரு வழிகளையும் இணைத்தே முன்னேறின. இங்கிலாந்திலே மோட்டார் எந்திரிகளுக்கென 1906ஆம் ஆண்டில் ஒரு நிறுவனம் அமைந்தது. அது 1947ஆம் ஆண்டில் பொறிமுறை எந்திரிகளின் பெருநிறுவனத்தோடு இணைந்து அதன் மோட்டார்ப் பிரிவாயிற்று. கேம்பிரிட்ஜிற் பயின்ற ஹரி ரிக்காடோ, இயந்திரத்துள்ளே எரிபொருள் முறையின்றி வெடித்துத் தட்டொலி எழுப்புவதேன் என்பதை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் பயனை இன்று உலகெங்கும் வண்டியோட்டுவோர் அறியாமலே நுகர்கின்றனர். பட்டறை அறிவு பழுதைக் கண்டு நீக்குகின்றது. மேற்கல்வி அப்பழுது ஏன் பிறந்தது என்று ஆராய்ந்து, மறுமுறை பிறவாமற் காக்க முயல்கின்றது.

கொழும்பிலே புத்தகக் கல்வியின் பக்கம் சாய்ந்த பகுதிகளுள் வெள்ளவத்தை ஒன்று. யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்காக வந்த குடும்பங்கள் காலி வீதிக்கும் கடற்கரைப் புகையிரதப் பாதைக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளிலே குடியேறின. கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942ஆம் ஆண்டில் தோன்றியதும், வெள்ளவத்தையிலே நிலைபெற்றதும் இக்குடியேற்றத்தின் விளைவு எனலாம். இக்குடும்பங்களில் மகன் எந்திரியாக வேண்டும் என்பது பெற்றோரின் பெருங்கனவாக இருந்தது. அக்கனவு நனவாவதற்குத் தொடக்கத்தில் இருந்த வழி, தொழில்நுட்பக் கல்லூரியிற் படித்து இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்தைப் பெறுவதேயாம். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942ஆம் ஆண்டில் நிறுவப்பட்டபோதும் அதில் எந்திரவியலுக்கு இடம் இருக்கவில்லை. 1950ஆம் ஆண்டிலேதான் எந்திரவியற் பீடம் கொழும்பிலே தொடங்கப்பட்டது. நாடு சுதந்திரம் பெற்று இரண்டாண்டுகள் சென்ற பின்னரே உள்நாட்டில் எந்திரவியற் பட்டம் பெறும் வழி பிறந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அதே 1950ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பொதுநலவாய நாடுகளின் அமைச்சர்கள் கொழும்பிலே கூடினர். அக்கூட்டத்திலிருந்து பிறந்த கொழும்புத் திட்டம் 1951ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. அத்திட்டத்தின் வழியாக இயந்திரங்களும் வந்தன. இயந்திரம் கற்கச் செல்வோருக்குப் புலமைப்பரிசில்களும் வந்தன. 1953ஆம் ஆண்டில் இலங்கைப் புகையிரதப் பாதையிலே பிரித்தானியாவில் ஆக்கப்பட்ட டீசல் இயந்திர வண்டிகள் ஓடத் தொடங்கின. அடுத்த ஆண்டிலே கனடா நாடு தன் மாகாணங்களின் பெயர்களைத் தாங்கிய இயந்திரங்களை நன்கொடையாக வழங்கிற்று. மியூனிக் விரிவுரையிலே பிறந்த ஒரு மாணவனின் எண்ணம், காப்புரிமை பெற்று 60 ஆண்டுகளின் பின் மருதானை நிலையத்தை வந்தடைந்தது. அம்மாற்றத்தை முன்னின்று நடத்திய பி. டி. ரம்பால, 1949ஆம் ஆண்டில் புகையிரதப் பகுதியின் பிரதம பொறிமுறை எந்திரியாகவும் 1955ஆம் ஆண்டில் பொது முகாமையாளராகவும் உயர்ந்தவர். பிரதம பொறிமுறை எந்திரிப் பதவியை இந்நாட்டவருள் முதன்முதல் வகித்தவர் அவரே.

அக்காலத்துக் கொழும்பு எந்திரவியற் பீடம் சிறியது; ஆயின் அதனோடு தொடர்புடையோரின் ஆராய்ச்சி சிறிதன்று. மோட்டார் இயந்திரத்தின் வளைதண்டை எடுத்துக்கொள்வோம். உருளைகளுள்ளே எரிபொருள் வெடிக்கும் ஒவ்வொரு தடவையும் அத்தண்டு சிறிது முறுக்குண்டு மீள்கின்றது. அம்முறுக்கின் வேகமும் தண்டின் இயற்கையான அதிர்வும் ஒத்துவிடின், ஊஞ்சலை உரிய தருணத்தில் உந்துவதுபோல அதிர்வு பெருகி, எஃகுத் தண்டும் முறிந்துபோகும். இந்த அபாயமான வேகத்தை முன்கூட்டியே கணிக்க ஹோல்சர் என்னும் ஜேர்மானியர் வகுத்த முறை ஒன்று உண்டு. அதிலே ஒரு வேகத்தை உத்தேசமாகக் கொண்டு, தண்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கணித்துச் சென்று, பிழை எஞ்சினால் வேறோர் உத்தேசத்தோடு மீண்டும் தொடங்க வேண்டும். கணினி இல்லாத காலத்தில் இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. அம்முறையைச் செம்மைப்படுத்தும் கட்டுரை ஒன்றை எஸ். மகாலிங்கம் 1958ஆம் ஆண்டில் அமெரிக்க எந்திரிகளின் ஆராய்ச்சி இதழில் வெளியிட்டார். பின்னர் பேராதனையிலே பொறிமுறை எந்திரவியற் பேராசிரியராய் விளங்கிய அவர், அதிர்வியலில் உலகறிந்த அறிஞரானார்.

வண்டியின் தண்டை ஒருவர் ஆராய, வண்டி ஓடும் நிலத்தின் இயல்பை மற்றொருவர் ஆராய்ந்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்திலே பட்டம் பெற்ற அழகையா துரைராசா, கேம்பிரிட்ஜ் சென்று மண்ணின் தாங்குதிறன் பற்றி ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் என்போருடன் அவர் சேர்ந்து 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, களிமண்ணின் இயல்பு பற்றிய இக்கால அறிவுக்கு அடிப்படைகளுள் ஒன்றாகும். துரைராசா வெளிநாட்டிலே தங்கிவிடவில்லை. பேராதனையிலே கற்பித்தார், போர்க்காலத்திலே, 1988 முதல் 1994இல் காலமாகும் வரை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்து பணிபுரிந்தார்.

இவ்விருவரின் பெருமையைச் சொல்லும்போதே ஒரு குறையையும் சொல்லல் வேண்டும். பட்டம் வரையே கொழும்பு கற்பித்தது. பட்டத்துக்கு மேற்பட்ட படிப்பென்றால், அதிலும் மோட்டார் எந்திரவியலென்றால், கப்பலேறுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பாக்கு நீரிணைக்கு அப்பால் நிலைமை சற்று வேறாக இருந்தது. சென்னைக்கு அருகே குரோம்பேட்டையிலே சி. இராஜம் என்னும் தொழிலதிபர் 1949ஆம் ஆண்டில் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தை நிறுவினார். விஞ்ஞானப் பட்டம் பெற்றவர்களையே சேர்த்து, மோட்டார் எந்திரவியல், விமான எந்திரவியல், மின்னணுவியல், கருவியியல் ஆகிய துறைகளை மூன்றாண்டுகள் பயிற்றுவது அதன் புதுமை. பட்டதாரி ஒருவன் மோட்டார் எந்திரவியலைத் தனித்துறையாகக் கற்கும் வாய்ப்பு அங்கே அவ்வாறு அமைந்தது. கொழும்புக் கோட்டையிலிருந்து புகையிரதம் ஏறி, தலைமன்னாரிலே கப்பல் மாறி, தனுஷ்கோடியிலிருந்து சென்னை எழும்பூர் செல்பவர் குரோம்பேட்டையைக் கடந்தே செல்வர். 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அவ்வழியும் அடைபட்டது. ஒரு தனிமனிதரின் ஊக்கம் சென்னையிலே செய்ததைக் கொழும்பிலே செய்வார் இல்லாமற் போயினர்.

இனி, பட்டறையின் பக்கம் நோக்குவோம். 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி தனியார் பஸ் கம்பனிகள் அனைத்தும் அரசுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை அமைந்தது. பல கம்பனிகளிலிருந்து பல வகையான வண்டிகள் ஒரே நாளில் ஒரு நிறுவனத்தின் பொறுப்பாயின. இலண்டன் மாநகரத்தில் ஓடி ஓய்ந்த இரட்டைத்தட்டு பஸ்களும் பின்னர் கொழும்பு வீதிகளுக்கு வந்து சேர்ந்தன. இவற்றைப் பேணுவதற்குக் கைப்பழக்கம் மட்டும் போதாதென்பது விரைவிலே தெளிவாயிற்று. 1959ஆம் ஆண்டில் ஜேர்மனியின் உதவியோடு வேரஹெரவில் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. முறையான வகுப்பும் முறையான வேலைத்தலமும் ஒரே கூரையின் கீழ் அமைந்த அந்நிலையம், பின்னர் மொறட்டுவைக்கு மாறி, இலங்கை - ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் என்னும் பெயரோடு இன்றும் நடைபெறுகின்றது. 'பாஸ்' தன் சீடனுக்கு வாய்மொழியாகச் சொன்ன வித்தை அங்கே பாடத்திட்டமாயிற்று.

உயர்கல்வியின் பக்கத்திலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. எந்திரவியற் பீடம் 1964ஆம் ஆண்டில் கொழும்பை விட்டுப் பேராதனைக்குச் சென்றது. அங்கே அதனை வளர்த்தெடுத்த பேராசிரியர் இ. ஓ. இ. பெரேரா பின்னர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தருமானார். மறுபுறத்தில், கனடாவின் உதவியோடு 1960ஆம் ஆண்டில் கட்டுபெத்தையிலே செய்முறைத் தொழில்நுட்ப நிறுவனம் எழுந்தது. அது 1966இல் இலங்கைத் தொழில்நுட்பவியற் கல்லூரியாகவும், 1972இல் பல்கலைக்கழக வளாகமாகவும், 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. கீழ்நிலை உத்தியோகத்தரைப் பயிற்றுவதற்காக மருதானையிலே தொடங்கிய தொழில்நுட்பக் கல்வி மரபு, 85 ஆண்டுகளில் முழுமையான பல்கலைக்கழகமாய் மலர்ந்தது.

ஏணி உயர்ந்த காலத்திலேயே அதில் ஏறுவோர் யாவர் என்னும் வழக்கும் எழுந்தது. பாடசாலையிலே தமிழிற் கற்ற மாணவன் பல்கலைக்கழகத்திலே எந்திரவியலை ஆங்கிலத்திற் கற்க வேண்டியவனானான். அது பெருந்தடையாயினும் முயற்சியால் வெல்லக்கூடிய தடை. 1971ஆம் ஆண்டு அனுமதியிலே வந்த தடை அத்தகையதன்று. பேராதனை எந்திரவியற் பீடத்தில் இடம் பெறுவதற்கு, 400 புள்ளிகளிலே சிங்கள மொழி மூலம் தோற்றியவர் 227 பெற்றால் போதும். தமிழ்மொழி மூலம் தோற்றியவர் 250 பெறுதல் வேண்டும் என்று வகுக்கப்பட்டது. பரீட்சை எழுதிய மொழி விதியை நிர்ணயித்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. வசதி குன்றிய மாவட்டங்களின் மாணவர் சிலர் அதனாற் பயனடைந்தனர் என்பதும், யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கற்ற மாணவர் பலர் இடமிழந்தனர் என்பதும் இரண்டும் உண்மையே. 1983ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின. அதன்பின் கடல் கடந்து கற்கச் சென்றவர்களுள் திரும்பி வருவோர் அருகினர். இலண்டனிலும் தொரொன்ரோவிலும் சிட்னியிலும் எந்திரிகளாக வாழும் ஒரு தலைமுறை, இந்நாடு தன் செலவிற் பயிற்றிப் பிற நாடுகளுக்கு ஈந்த செல்வமாகும்.

இவ்விழப்பின் விலையை நாடு அந்நியச் செலாவணி நெருக்கடி வரும்போதெல்லாம் செலுத்தி வந்துள்ளது. 1960களிலும் 1970களிலும் வண்டி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, பழைய மொறிஸ் மைனர், ஒஸ்டின் வண்டிகளைப் பல்லாண்டுகள் ஓடச் செய்தவர்கள் பட்டறைத் தொழிலாளரே. கிடைக்காத பாகத்தைக் கடைந்தெடுத்தனர், பொருந்தாததைப் பொருத்தினர். 2020ஆம் ஆண்டிலே வண்டி இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டிலே எரிபொருளும் அரிதாகி, காலி வீதி நெடுக வண்டிகள் நாட்கணக்கிலே வரிசையில் நின்றன. தனியார் வாகன இறக்குமதிக்கு 2025ஆம் ஆண்டிலேதான் வழி திறந்தது. அவ்விடைக்காலத்தில் நாட்டின் வண்டிகளைக் காத்தது பஞ்சிகாவத்தையின் பழைய இரும்பும் அதனைக் கையாண்ட கைகளுமே. அக்கைகளின் திறமை போற்றத்தக்கது. ஆயின் பழையதைக் காப்பதோடு அது நின்றுவிட்டது. குறைந்த எரிபொருளில் ஓடுவது எவ்வாறு, மின்கலத்தால் இயங்கும் வண்டியை இந்நாட்டு வெப்பத்துக்கும் மலைப்பாதைக்கும் ஏற்ப அமைப்பது எவ்வாறு என்னும் வினாக்களுக்குப் பட்டறை தனித்து விடை காணவியலாது.

இன்று அதற்குரிய படிகள் நாட்டிலே உண்டு. மொறட்டுவையிலும் பேராதனையிலும் பொறிமுறை எந்திரவியலிலே பட்டப்பின் பட்டங்களும் ஆராய்ச்சிப் பட்டங்களும் வழங்கப்படுகின்றன. கிளிநொச்சி அறிவியல்நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் எழுந்துள்ளது. காலி வீதி வழியே வெள்ளவத்தையிலிருந்து தெற்கே செல்பவர், மொறட்டுவை என்னும் ஒரே நகரத்தில் ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தையும் பல்கலைக்கழகத்தையும் காணலாம். மருதானையிலே கல்லூரியும் கடைவீதியும் அயலிலே இருந்தும் பேசாதிருந்ததுபோல, இங்கும் கையும் நூலும் தனித்தனியே இருந்துவிடலாகாது. பட்டப்பின் படிப்பிலே சேரும் எந்திரி தன் ஆராய்ச்சிக்குரிய வினாவை வெளிநாட்டு இதழ்களில் மட்டும் தேடாமல் பஞ்சிகாவத்தையிலும் தேடுவானாக. கொட்டாஞ்சேனைப் பட்டறையிலே திருகுசாவி பிடித்த சிறுவனுக்கு, திறமை இருப்பின், பயிற்சி நிறுவனத்தின் வழியாகப் பல்கலைக்கழகம் வரை செல்லும் பாதை திறந்திருப்பதாக. அப்பாதையிலே மொழியும் இனமும் குறுக்கிடாதிருத்தல் வேண்டும். தொடக்கத்தில் எழுப்பிய மூன்றாம் வினாவுக்குரிய விடை, அப்பாதை வழியே வருவோரிடமிருந்தே கிடைக்கும்.